சன்னதித் தெரு ஸ்ரீகர்

எனக்கு டைப்பிங் மெதுவாகத்தான் வரும். ஒரு வரி அடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்தத் தாமதத்தைத்தான் ஏஞ்சல் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரௌசிங் சென்டர் உமாபதி தன் வருகை நோட்டை உங்கள் விசாரணைக் குழுவிடம் கொடுத்தது சரிதான். அதில் இருப்பது என் கையெழுத்துதான்.

2002 அரையாண்டு விடுமுறையில் எங்கள் பள்ளி ஆசிரியைகளுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. தலைப்பு, இணையமும் வளரிளம் பருவ அடையாளமும். சாப்பாடு நன்றாக இருந்தது. மாணவிகளின் உலகத்துக்குள் ஆசிரியர் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் இறங்கினேன்.

ஏஞ்சல் என் பிளஸ் ஒன் வகுப்பில் முதல் மாணவி. ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜெபகுமாரின் மகள். உமாபதி கடையில் அவள் சாட் செய்வதைப் பின்னாலிருந்து பார்த்தேன். திரையில் அவள் பெயர் ஸிந்துஜா, வீடு சன்னதித் தெரு. அது என் தெரு. எனக்குக் கோபம் வரவில்லை. பொய்யில் வளரும் பிள்ளையைத் திருத்த வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அதனால் ஸ்ரீகர் ஆனேன். பதினேழு வயது, அதே தெரு. இதைப் பொய் என்று சொல்லக் கூடாது. இது ஆய்வு முறை.

ஐந்து மாதம் பேசினோம். எங்கள் வீட்டில் ரசத்தைச் சாத்தமுது என்போம் என்று ஸ்ரீகர் சொன்னான். மறுவாரம் வகுப்பில் ஏஞ்சல் டிபன் பாக்ஸைத் திறந்து, "இன்னிக்கு சாத்தமுதுடி" என்றாள்.

"மாமி வந்துட்டாங்கபா, எழுந்து நில்லுங்க" என்று பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு குறித்துக்கொண்டேன்.

வைகாசி கருட சேவையன்று கங்கைகொண்டான் மண்டபத்துக்கு வரச் சொன்னான் ஸ்ரீகர். நான் ஜெபகுமாரின் ஆட்டோவிலேயே போய், அவரையும் இறங்கி வரச் சொன்னேன். கூட்டத்தில் ஏஞ்சல் இரவல் பட்டுப்புடவையில், நெற்றியில் எங்கள் தெருப் பெண்கள் இடும் ஸ்ரீசூர்ணக் கோட்டோடு நின்றாள். அவர் திட்டவில்லை.

"யார் வூட்டுப் பொண்ணும்மா நீ?" என்று மட்டும் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அஞ்சு நிமிசம் இருங்க மிஸ். அவரு வந்துக்கினு இருக்காரு."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் தெருமுனையைப் பார்த்தேன்.

ஜூனில் அவளை அப்பா பள்ளிக்கு அனுப்பவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். இதையெல்லாம் எழுதிய என் ஆய்வுக் கட்டுரைக்கு மாவட்டக் கருத்தரங்கில் கேடயம் கிடைத்தது. அடையாளக் குழப்பம் பற்றிய பகுதியைக் குறிப்பாகப் பாராட்டினார்கள்.

ஆம், ஸ்ரீகர் நான்தான். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. கருட சேவையன்று வராததற்குக் காய்ச்சல் என்று எழுதினான், நம்பினாள். கேடயம் வந்த பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்கு வரும் மெயிலைப் பார்த்துவிடுகிறேன். போன வாரம் அவள் எழுதியிருந்தாள்: "என் பேர் ஸிந்துஜா இல்ல, ஏஞ்சல். அப்பா ஆட்டோ ஓட்டறாரு. இனிமே பொய் சொல்ல மாட்டேன். என்கூட பேசுவியா?"

பாருங்கள், திருந்திவிட்டாள். பதில் மட்டும் போடவில்லை. ஸ்ரீகர் நல்ல குடும்பத்துப் பையன்.