மருமகள் அடித்த அடி

அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் போகும் பஸ். அடி வாங்கியதை இவ்வளவு பெருமையாகச் சொன்னவரை நான் கண்டதில்லை. முன் சீட்டுப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“என் மருமவ என் முதுவுல நாலு சாத்து சாத்துனா, தெரியுமா?”

“என்னங்க இது! உங்க எதிர்லயே வந்து நிக்காத பொண்ணாச்சே?”

“கறித்துண்டு தொண்டையில அடைச்சுக்கிச்சு. பேச்சும் வரல, இருமலும் வரல. எல்லாரும் தண்ணிய நீட்டுறாங்க. ‘தண்ணி குடுக்காதீங்க, மூச்சே போவல’ன்னு கத்திக்கிட்டு அடுப்படியிலேருந்து ஓடியாந்தா. என்னைக் குனிய வச்சு, தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல ஓங்கி ஓங்கி அடிச்சா. துண்டு தெறிச்சு எலையில விழுந்துச்சு.”

“அப்புறம்?”

“மன்னிச்சிருங்க மாமான்னு அழுவுறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இனிமே நான் சாப்பிடறப்ப நீயும் எதிர்ல எலையப் போட்டுக்கிட்டு உக்காரும்மான்னுட்டேன்.”