கொண்டை சிவந்த கோழி

மூடுபனியையும் முன்னிரவுக் குளிரையும் பொருட்படுத்தாது இம்மாதர் சங்க விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பதுருன்னிசா அம்மையார் அவர்களே, மன்னவனூரிலிருந்தும் கிளாவரையிலிருந்தும் காய்கறி லாரியில் இடம்பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, கைக்குழந்தையோடும் கம்பளியோடும் காத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நேற்றுப் பொரித்த குஞ்சு ஒன்று கையில் இருக்கிறது. அது சேவலா, பெட்டையா? மேடையேறும் முன் ஓர் அம்மாள் என்னைக் கேட்ட கேள்வி இது. எனக்குத் தெரியாது. கல்லூரியில் விலங்கியல் படித்தவள்தான், ஆனாலும் தெரியாது. பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், சிரிக்க வேண்டியதுதான். கூர்முட்டையில் பொரிப்பது சேவல் என்கிறீர்கள். தலைகீழாகப் பிடித்தால் கழுத்தைத் தூக்குவது சேவல் என்கிறீர்கள். பாதி வேளை பலிக்கிறது. பூவா தலையா போட்டாலும் பாதி வேளை பலிக்குமே, தாய்மார்களே!

குஞ்சைப் பற்றிய கேள்விக்குப் பதில் தெரியாது. வளர்ந்த கோழி என்றால்? அதற்கு ஒரு செய்தி சொல்கிறேன்.

வடகவுஞ்சியில் செல்லாயி என்றொரு பெண். அவர் கணவர் பொன்னன் தேன் எடுக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தார். அவர் எழுந்து நடந்தால், தன் வீட்டில் முதலில் கொண்டை சிவக்கும் சேவலைக் கருப்பசாமிக்குத் தருவதாகச் செல்லாயி நேர்ந்துகொண்டார். பொன்னன் நடந்தார். வட்டார வளர்ச்சித் திட்டத்தில் கிடைத்த வெள்ளைச் சீமைக்குஞ்சுகளில் காட்டுப்பூனைக்குத் தப்பி ஒன்றே ஒன்று வளர்ந்தது. ஒரு நாள் அதன் கொண்டை சிவந்தது, உயர்ந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்தும் நின்றது. சேவல் வந்துவிட்டது என்று ஊரே மகிழ்ந்தது.

மறுநாள் பூசை என்ற நிலையில் நான் பள்ளிக்கூட வேலையாக அங்கே போயிருந்தேன். கோழியைப் பார்த்தேன். பெட்டை என்று தோன்றியது. நம் நாட்டுப் பெட்டைக்குக் கொண்டை சிறிது. ஆகவே கொண்டை பெரிதானால் சேவல் என்று நம் கண் பழகியிருக்கிறது. சீமைப் பெட்டைக்கோ முட்டையிடும் பருவம் நெருங்கும்போது கொண்டை சிவந்து பெரிதாகும். எந்த நேரத்தில் அது பயன் தரப் போகிறதோ, அந்த நேரத்தில்தான் நாம் அதைச் சேவல் என்று அறுக்கப் பார்க்கிறோம். சொன்னேன். யாரும் ஒப்பவில்லை. ஐந்து மாதமாகியும் கூவவில்லையே என்றேன். பக்கத்து வீட்டுப் பெருமாயி விட்டாரா?

"கூவாத சேவலும் உண்டுங்க டீச்சரம்மா. எங்க வீட்டுக்காரரப் பாருங்க, இத்தன வருசமா வாயே தொறந்ததில்ல."

பொன்னன்கூடச் சிரித்தார். செல்லாயி சிரிக்கவில்லை. நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் கணவரின் கால் மறுபடி போய்விடுமோ என்று பயம். பெட்டையைக் கொடுத்துச் சாமி முகம் சுளித்தாலும் அதே பயம். இருக்கிற ஒரே சீமைக்கோழி அது என்ற கவலை வேறு. எந்தப் பக்கம் திரும்புவார் அந்தத் தாய்? நீங்கள் திட்டமாகச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார்.

நான் சத்தியம் செய்யவில்லை. முதுகு வாலைத் தொடும் இடத்தில் இறகை விலக்கிக் காட்டினேன். சேவலானால் இந்த வயதில் அங்கே இறகு நீண்டு, கூர்ந்து, இரு பக்கமும் வழியும். பெட்டையானால் நுனி வட்டமாக முடியும். இது வட்டமாக இருக்கிறது. என் சொல்லை நம்ப வேண்டாம், வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

தாய்மார்களே! தெரியாதது தாழ்வா? இல்லை. தெரியாது என்று சொல்வது தாழ்வா? இல்லவே இல்லை. பார்க்கக் கண்ணிருந்தும் பார்க்காமல், விலக்கிப் பார்க்கக் கையிருந்தும் விலக்காமல், ஊர் சொன்னது என்று கத்தியை எடுக்கிறோமே, அதுவல்லவா தாழ்வு! கோழிக்கு மட்டுமா இது? ஒரு பெண்பிள்ளை படிப்பாளா மாட்டாளா என்று பிறந்த அன்றே தீர்ப்புச் சொல்கிறோமே, அதற்கும்தான் சொல்கிறேன். வளரட்டும், பாருங்கள், பிறகு பேசுங்கள்.

குளிரில் இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கும், வாய்ப்பளித்த சங்கத்தாருக்கும் என் நன்றி. மறுநாள் அந்தப் பூசையில் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

பூசாரி மணியன் கோழியின் தலையில் தண்ணீர் தெளித்தார். அது உடலைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். முதல் தெளிப்பிலேயே சிலுப்பியது. நனைந்த கோழி வேறென்ன செய்யும்? மணியன் கத்தியை எடுத்தார். செல்லாயி அவர் கையிலிருந்து கோழியை வாங்கி, வெயிலில் திருப்பி, முதுகிறகை விலக்கி நெடுநேரம் பார்த்தார்.

"இது பெட்டைங்க பூசாரி. சாமிக்குப் பெட்ட ஆகாதுல்ல?"

"ஆகாதுதான் தாயி. ஆனா சாமி உத்தரவு குடுத்திருச்சே."

"குடுத்துச்சு. கண்ணையும் அதுதான குடுத்துச்சு. நான் சேவல் கொண்டாந்து குடுக்கேன். அதுவரைக்கும் சாமி பொறுக்கும்."

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் வந்த பொன்னன் கோயில் சரிவில் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். கால் பிசகவில்லை. அந்தக் கோழி அன்று முட்டையிடவில்லை, கூவவுமில்லை. அதைப் பஞ்சாரத்தில் அடைத்துவிட்டுச் செல்லாயி உருளைக்கிழங்குக் காட்டுக்கு வேலைக்குப் போனார்.

வணக்கம்.