ஆறாவது டயர்

...காலைலருந்து ஒருத்தராவது அந்த வாளியில காசு போட்டாங்களா? ம்ஹூம்! நேத்து வரைக்கும் மொய்ச்சாங்க சார், மொய்ச்சாங்க! இன்னிக்கு என்னமோ என் கடை எதிர்ல பேய் நிக்கற மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போறாங்க. தலைய ஆட்டாதீங்க... கத்தி கன்னத்துல இருக்கு.

ஊருக்குப் புதுசா? அதான் கேக்கறீங்க. கண்ணாடியில பாருங்க, உங்க தோளுக்குப் பின்னால, செவப்பா... ஆங், அதேதான். தீயணைப்பு வண்டி. எங்கப்பா பொறக்கறதுக்கு முந்தியே ஓடுன வண்டி. ரொம்ப வருஷமா சும்மா கெடந்துச்சு. நகராட்சிக்காரங்க வந்து, "ஓடுனா இங்கயே நிக்கட்டும், ஓடலைன்னா காயலாங்கடை"ன்னுட்டாங்க. விடுவமா? தெருவே சேந்துச்சு. வசூல் பண்ணி எஞ்சினைப் பிரிச்சு மாட்டியாச்சு, பம்பு மாத்தியாச்சு, பெயிண்டும் அடிச்சாச்சு. ஆறு டயர்ல அஞ்சு வந்துடுச்சு. ஆறாவது இடத்துல செங்கல்லு! இன்னிக்குச் சாயங்காலம் அவங்க பாக்க வராங்க. செங்கல்லு மேல வண்டி ஓடுமா சார்? சிரிக்காதீங்க, தாடை ஆடுது.

டயர்க் கடைக்காரர் எடுத்து வெச்சுட்டுக் காத்திருக்காரு. இன்னும் அர வாளி நெரம்புனா கொண்டாந்து மாட்டிடுவாரு. ஆனா எங்க நெரம்புது?

உண்மையச் சொல்லட்டா? கடை தொறந்ததும் இந்தக் கண்ணாடியில மொதல்ல தெரியறது அந்த வண்டிதான். அது போச்சுன்னா எதிர்ச் சுவரும் என் மூஞ்சியும்தான். எனக்கு அழுகையே வந்துடும் சார்.

ஆனா அந்த மணி இருக்கே! வண்டி நெத்தியில பித்தளையில... பாத்தீங்களா? வாளியில காசு போட்டா ஒரு அடி அடிச்சுக்கலாம். இதான் ஏற்பாடு. எந்த மகானுபாவன் மூளையில உதிச்சுதோ! காது கிழிஞ்சுடும். பொடிசுங்க நோட்டைச் சில்லறையா மாத்திக்கிட்டு வந்து ஒவ்வொண்ணா போடுதுங்க. டங்... டங்... டங்! பெரியவங்க மட்டும் என்ன வாழுது? பேங்க் மேனேஜரு, கோட்டு சூட்டோட, சாப்பாட்டு நேரத்துல வந்து பசங்களோட வரிசையில நிக்கறாரு!

நம்ம தொழில் என்ன? கத்தி புடிக்கற தொழில். முந்தாநாள் போட்டோக்காரருக்கு மீசைய ஒழுங்கு பண்ணிட்டிருக்கேன், "டங்"ன்னான் ஒருத்தன். பாதி மீசை தரையில! மிச்சத்தையும் எடுத்துட்டு, "பத்து வயசு கொறைஞ்சு போச்சு சார்"னு சொல்லி அனுப்பி வெச்சேன். நேத்து என் மச்சானுக்கு ஒரு பக்கக் கிருதாவே காணாம போச்சு. அவன் அக்காதான் என் வீட்டுக்காரி. அதோ, வாளியோட உக்காந்திருக்கா பாருங்க, அவதான்.

என்னம்மா? என்ன அங்கருந்து கத்தற?... அவ சொல்றதக் கேக்காதீங்க சார். மணி யோசனையே நான் சொன்னதாம்! ஆமா, சொன்னேன். கூட்டத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க, நானும் எந்திரிச்சு நின்னு ஒரு கும்பிடு போட்டேன். அதுக்காக இப்படியா அடிப்பாங்க?

இருங்க, இந்தப் பக்கத்தத் தொடைக்கறேன்... துண்டு எங்க? சின்ன வெள்ளைத் துண்டு... ஆங். அது... அது வேற ஒரு வேலையா போயிருக்கு சார். எங்கன்னா... வெளிய சொல்லக் கூடாது. மணிக்குள்ள. விடிகாலைல போயி மணி நாக்கைச் சுத்திக் கட்டிட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கை நடுங்காம வேலை பாக்கலாமேன்னு! மொதல்ல வந்தவன் காசு போடறதுக்கு முன்னாடியே இழுத்துப் பாத்தான், "தொப்பு"ன்னுச்சு. "மணி செத்துப் போச்சு"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான். வீட்டுக்காரியும் மணி ரிப்பேர்னுதான் நெனச்சுட்டிருக்கா.

ஏன் சார், காசு மணிக்கா போடறாங்க? வண்டிக்குத்தானே போடறாங்க?... வண்டிக்குத்தானே?

...தானே?

அய்யய்யோ.

போயி அவுத்துடலாம். அவுத்தா வீட்டுக்காரி பாத்துடுவா. பாத்தா ராத்திரிக்கு எனக்குச் சோறு கெடையாது. அவுக்கலைன்னா வண்டி கெடையாது. இருங்க, அந்தக் கன்னத்துக்கு வெந்நி எடுத்துட்டு வரேன். அதுக்குள்ள நீங்களே ஒரு வழி சொல்லுங்க...

என்ன, பேச்சே காணோம்? சார்?... சார்! நாற்காலி காலி! கழுத்துல கட்டுன துணியோட எங்க போனாரு மனுஷன்?

டங்ங்!

அம்மாடி! நல்லவேளை, கத்திக்கு முன்னால யாரும் இல்ல. அட... அங்க பாரு! வண்டி மேல ஏறி நிக்கறாரு! ஒரு கன்னத்துல சோப்பு நுரை, ஒரு கையில என் துண்டு! பொடிசுங்க ஓடி வருதுங்க... மேனேஜர் ஓடி வராரு... போட்டோக்காரர் கூட வராரு, மீசை இல்லாம! வாளி நெரம்புது சார், நெரம்புது! மீதிக் கன்னம் எங்க ஓடிடப் போகுது? அடிங்க! நல்லா அடிங்க!

...ஏம்மா, என்னை ஏன் மொறைக்கற? நம்ம துண்டு எப்படி அங்க போச்சுன்னு எனக்கென்ன தெரியும்?