கிழியலைல்ல, அப்புறம் என்ன?

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதுக்கு ஒரு கால் ஆடும். போன தடவை அதுல உக்காந்துட்டு, நடுங்குறது நானா நாற்காலியான்னே தெரியாம முழிச்சேன். இப்படி வாங்க, பக்கத்துல உக்காருங்க. ரத்தம் எடுத்தாச்சுல்ல? இனி அரை மணி நேரம் சும்மா இருக்குறதுதான் வேலை. அப்புறம் நம்பரைக் கூப்பிடுவாங்க.

அய்யய்யோ, பேரெல்லாம் சொல்லாதீங்க! இந்த சுகாதார ஆபீசுல யாருக்கும் பேரு கிடையாது. நான் பதினொண்ணு. நீங்க? பத்தா. சரி, உங்களத்தான் முதல்ல கூப்பிடுவாங்க.

தெரியும், இங்க யாரும் யாரோடயும் பேசறதில்ல. எல்லாரும் மாஸ்க்க கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுட்டு தரையையே பாத்துட்டு இருப்பாங்க. எனக்கு அது முடியாது தம்பி. வாயக் கட்டுனா நெஞ்சு வெடிச்சிடும். வெளிய போர்டுலயே எச்ஐவி பரிசோதனைன்னு கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்காங்க, அப்புறம் நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?

என்ன, மெதுவா சொல்லுங்க... ஆணுறை போட்டிருந்தீங்களா? கிழியலைல்ல? நழுவலைல்ல? அப்புறம் என்ன? அட, மூஞ்சி ஏன் இப்படி செத்த மீன் மாதிரி இருக்கு? உள்ள இருக்குற நர்ஸம்மா எனக்கு படிச்சுப் படிச்சு சொன்னாங்க, ஒழுங்கா போட்டிருந்தா பயம் ரொம்ப ரொம்பக் கம்மின்னு. மூணு மாசம் கழிச்சுப் பாத்தா பதில் உறுதியாம். உங்களுக்கு மூணு மாசம் ஆச்சா? ஆச்சுல்ல. போயி நிம்மதியா சோறு தின்னுங்க.

நானா? எனக்கு இது மூணாவது தடவை. புது வருஷத்துல நடந்தது. ஜனவரி ரெண்டாவது வாரமே ஓடி வந்துட்டேன். இன்னும் நாளாகணும் போயிட்டு வாங்கன்னாங்க. பொறுக்க முடியல, பிப்ரவரியில மறுபடி வந்தேன். இப்ப ஏப்ரல் கடைசி. பக்கத்து ஊரு அகாஷியிலதான் வீடு, அங்கயும் இதே மாதிரி சுகாதார ஆபீஸ் இருக்கு. ஆனா அங்க போனா, கூட வேலை பாக்குற மினெகோ வாயில விழணும். அதான் ரயில் ஏறி இங்க.

ஊசிக்கெல்லாம் பயப்படுறவ இல்ல நான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி கர்ப்பப்பைய எடுத்தப்போ கூட மூணாம் நாளே எந்திரிச்சு நடந்தவ. இந்த பயம் வேற மாதிரி தம்பி. காலையில எந்திரிச்சதும் கழுத்துல கட்டி இருக்கான்னு தடவிப் பாப்பேன். தெர்மாமீட்டர வச்சு வச்சு அதுக்கே காய்ச்சல் வந்திருக்கும். சிரிக்காதீங்க, நீங்களும் அதைத்தான பண்ணிருப்பீங்க? பாத்தீங்களா! குளிக்கிற ரூமுக்குள்ள போனைக் கொண்டுபோயி தேடுவேன். அதுல ஒண்ணு ஆறுதல் சொல்லும், அடுத்ததே குழியத் தோண்டும்.

நான் ஸ்கூல்ல மதியச் சாப்பாடு சமைக்கிறவ. அறுநூறு பிள்ளைங்க. பிப்ரவரியில ஒரு நாள் முள்ளங்கி நறுக்குறப்போ விரல்ல லேசா கீறல். ஒரு சொட்டு ரத்தம்தான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? நறுக்குன முள்ளங்கிய அண்டாவோட கொட்டிட்டேன். அன்னைக்கு அறுநூறு பிள்ளைங்களுக்கும் முள்ளங்கி இல்லாத சூப்பு. சாப்பாட்டுல அது பரவாதும்மான்னு நர்ஸம்மா அப்புறம் என்னை நல்லாத் திட்டுனாங்க. புத்திக்குத் தெரியுது, கைக்குத் தெரியலையே.

நீங்க மோதிரத்தக் கழட்டி பையில போட்டுட்டீங்க போல. இல்ல, விரல்ல வெள்ளையா தடம் தெரியுது, அதான். ஒளிக்காதீங்க, நான் போலீசா என்ன? ஆபீஸ் வேலையா வெளியூரு போன இடத்துலயா? ம். ஒரே ஒரு தடவையா? சரி சரி, நான் கேக்கல.

என்னைப் பத்தியும் நீங்க கணக்குப் போட்டிருப்பீங்க. அம்பத்திரண்டு வயசுல இந்தம்மாவுக்கு இது தேவையான்னு. கோவமில்ல, எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. ஆமா, எனக்கும் கல்யாணம் ஆயிருக்கு. இருபத்தாறு வருஷம். வீட்டுக்காரரு வடக்க, சப்போரோவுல. கம்பெனி தனியா அனுப்பி வச்சிருக்கு, நாலு வருஷம் ஆச்சு. மக நானாகோ காலேஜு, அதனால நான் இங்க. அவரு ஆகஸ்டுல ஒரு தடவை, புது வருஷத்துக்கு ஒரு தடவை, மே லீவுக்கு ஒரு தடவை வருவாரு.

மாசாமாசம் அவருக்குப் பெட்டி அனுப்புவேன். பூசணிக்காயை வேகவச்சு, கடல்பாசிய பொரிச்சு, மீனை மசாலால ஊறப்போட்டு, எல்லாத்தையும் உறையவச்சு, ஒவ்வொரு டப்பாவுலயும் எந்தக் கிழமை திங்கணும்னு எழுதி ஒட்டி அனுப்புவேன். நாப்பத்தஞ்சு பெட்டி போயிருக்கும். நவம்பர்ல போன் பண்ணி, இனி அனுப்ப வேண்டாம், ஃப்ரீசர்ல இடமில்லன்னாரு. தனி ஆளு ஃப்ரீசர் எப்படி நிறையும்னு எனக்குக் கேக்கத் தோணல பாருங்க. பாவம், கம்பெனி விருந்துல சாப்பிடுறாரு போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அவ்வளவு பைத்தியக்காரி.

வெள்ளிக்கிழமை வர்றாரு. லீவு தொடங்குதுல்ல. அதுக்குள்ள இந்தத் தாளை வாங்கிடணும்னுதான் இன்னைக்கு வேலைக்கு லீவு போட்டேன். ஒண்ணு சொல்லட்டுமா? இருக்குன்னு வந்தா செத்தேன், சரி, மருந்து இருக்குங்குறாங்க, முழுங்கிட்டுப் போறேன். ஆனா இல்லைன்னு வந்துட்டா? அதான் தம்பி எனக்கு இன்னும் பயம். இல்லைன்னு எழுதுன தாளை கையில வச்சுக்கிட்டு நான் என்னன்னு வாயத் திறக்குறது? ஒண்ணும் ஆகலையே, அப்புறம் எதுக்கு அழுவுறன்னு கேட்டா?

இதோ கூப்பிடுறாங்க. பத்து, உங்களத்தான். எந்திரிங்க, ஒண்ணும் இருக்காது. நான் சொல்றேன்ல.

என்ன? எனக்குக் கிழிஞ்சிருச்சான்னா கேக்குறீங்க? இல்ல தம்பி. கிழியல, நழுவல, ஒழுங்கா, அளவெடுத்த மாதிரி போட்டிருந்தாரு. யாரா? என் வீட்டுக்காரருதான், வேற யாரு? புது வருஷத்தன்னைக்கு மத்தியானம். மக கோயிலுக்குப் போயிருந்தா. மனுஷன் துணிப்பெட்டியைத் திறந்து ஆணுறைய எடுக்குறாரு. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை. கர்ப்பப்பையே இல்லாதவகிட்ட. எதுக்குன்னு கேட்டேன். உன் நல்லதுக்குத்தான்னாரு. அது நிஜம்தான், என் நல்லதுக்குத்தான். அங்க எவகிட்டயோ போடாம இருந்துட்டு, எனக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதேன்னு வீட்டுக்கு வந்து போட்டிருக்காரு. அவ்வளவு அக்கறை. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத்தான் அக்கறை இல்ல.

போங்க தம்பி, நர்ஸம்மா நிக்கிறாங்க. மோதிரத்த மறுபடி போட்டுக்குங்க. ஆனா உங்க வீட்டம்மாகிட்ட மட்டும் திடீர்னு நல்லவராகி ஆணுறைய எடுத்து மாட்டிக்கிட்டுப் போயி நிக்காதீங்க. அவருக்கும் கிழியலதான். அவரு போடாம இருந்திருந்தா, நான் இன்னைக்கு இங்க வராம, வெள்ளிக்கிழமைக்குப் பூசணிக்காய் வேகவச்சுட்டு இருந்திருப்பேன்.