ஒரே கோத்திரத்துக் கண்ணாடி

நாலே கால் மணி பஸ் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து என் மகள் அதில்தான் வர வேண்டும். அம்மா மண்டபம் ஸ்டாப்பில் காத்து நின்றேன். பக்கத்தில் இருவர்: தான் செய்த தொலைநோக்கியுடன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், இன்னொருவர் காலேஜ் லேபில் வேலை பார்ப்பவர்.

“என்ன ஓய், ஒரே கோத்திரத்துல கல்யாணம் பண்ணி வெச்சிருக்கீர்!” என்றார் லேப்காரர்.

“யாருக்கு?”

“குழாய் முனையில நீர் சேர்த்து ஒட்டின ரெண்டு லென்ஸுக்கும்தான். குவிஞ்சது ஒரு ஜாதிக் கண்ணாடி, குழிஞ்சது வேற ஜாதின்னு இருக்கணும். அப்பதான் ஒண்ணு பிரிக்கிற நிறத்தை இன்னொண்ணு சேர்க்கும். நீர் ரெண்டையும் ஜன்னல் கண்ணாடியில அறுத்திருக்கீர்.”

“ஒரு மாசம் கையால தேய்ச்சேன். ஒரு கீறல் காட்டும் பார்ப்போம்!”

“நல்லாத்தான் தேய்ச்சிருக்கீர், ஜன்னலை!”

“நாளைக்கு டீச்சரம்மா பிள்ளைங்களுக்கு இதுலதான் சந்திரனைக் காட்டப் போறாங்க. அவங்க வேண்டாம்னு சொன்னா அப்புறம் பேசும்.”

ஐந்தரைக்கு பஸ் வந்தது. என் மகள் இறங்கினாள். பின்னாலேயே அவளுடைய சயன்ஸ் டீச்சர், கடைக்காரர் சொன்ன அதே டீச்சரம்மா. கடைக்காரர் நீட்டிய தொலைநோக்கியை வாங்கி, ஆற்றுக்கு அப்பால் மலைக்கோட்டையைப் பார்த்தார்.

“தலைகீழாத் தெரியுது, வானம் பார்க்கிற குழாய்னா அது சரி. உச்சியில கோயிலுக்கு யாருங்க ஊதாக் கரை போட்டது?”