சார் நம்பர்

இல்ல தம்பி, மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்காதீங்க. உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்னு மூணு தடவ சொல்லிட்டீங்க. நான் கேக்குறது, யார்கிட்டேருந்து பாதுகாப்புன்னு.

வண்டி என் பேர்ல இருக்கு, பேப்பரப் பாருங்க. ஓட்டுறது நான். ஆனா காரோட சேத்து நீங்க குடுத்த அந்த ஆப் மட்டும் எங்க வீட்டுக்காரர் நம்பர்ல. ஏன்னா, டெலிவரி அன்னிக்கு இதே கவுண்டர்ல, சாவிய என் கையில குடுத்துப் போட்டோ எடுத்துட்டு, உங்க ஆளு என்னைத் தாண்டி எட்டிப் பாத்து, சார் நம்பர் சொல்லுங்கன்னாரு. இவரும் கடகடன்னு ஒப்பிச்சாரு. நானும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன். என் புத்திய என்னன்னு சொல்றது.

அதுல அப்படி என்ன தெரியும்னா கேக்குறீங்க? நல்லா இருக்கு! விக்கிற உங்களுக்கே தெரியல. வண்டி எங்க நிக்குது, எத்தன நிமிஷம் நிக்குது, பக்கத்து சீட்டுல யாராவது உக்காந்தாங்களா, எல்லாம் போகுது. பிரேக்க வேகமா மிதிச்சா மார்க் கொறையுது. ஆமா தம்பி, வாராவாரம் எனக்கு மார்க் வருது. சாப்பிடும்போது வாசிச்சுக் காட்டுவாரு. பள்ளிக்கூடத்துல படிக்கும்போது எங்கப்பா கூட என் மார்க்க இவ்வளவு ஆசையாப் பாத்ததில்ல.

போன மாசம் அக்கா வீட்டு வாசல்ல இருபது நிமிஷம் நின்னேன். உள்ள கூடப் போகல, வண்டியிலயே உக்காந்து பேசிட்டு இருந்தோம். வீட்டுக்கு வந்ததும், பக்கத்து சீட்டுல எவன்டின்னாரு. அக்கான்னேன். நம்பல. அப்புறம் நடந்தத இங்க சொல்ல முடியாது. பத்து நாள் ஒத்தக் கையாலதான் ஓட்டுனேன். அதுக்கு உங்க மிஷின் ஒரு மார்க்கும் கொறைக்கல.

சரி, அத நிறுத்திடுங்க. என்னது? ஓடிபி அவர் போனுக்குத்தான் போகுமா? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு சொல்லுவாங்களே, அது உங்க கம்பெனிதான்.

ஐயய்யோ, அமுக்காதீங்க! அந்த மவுஸ்லேருந்து கைய எடுங்க. ஓடிபி போயிடுச்சா? நல்லாப் பாருங்க. போகலையே? அப்பாடா. எனக்கு உயிரே போயிடுச்சு.

விடுங்க, நிறுத்த வேணாம். அது பாட்டுக்கு ஓடட்டும். சர்வீஸ்னு எழுதுங்க. வீட்டுலயும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். ஒரு நாள் வேலையா? மூணு நாள்னு போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். யாராவது கேட்டா, இன்னும் பார்ட்ஸ் வரலன்னு சொல்லுங்க. உங்களுக்கு அது பழக்கந்தானே.

இந்தாங்க சாவி. என் போனும் வண்டிக்குள்ளயேதான் இருக்கு. அடிச்சா அடிக்கட்டும், எடுக்காதீங்க. பின் சீட்டுல இருக்குற ரெண்டு பைய மட்டும் எடுத்துக்குறேன். அந்த சோபாவுல காலாட்டிட்டு உக்காந்திருக்காளே, அது எம் பொண்ணு.

வண்டிய எடுக்க எப்ப வருவேனா? வரமாட்டேன் தம்பி. எங்க பஸ் நாலரைக்கு.