துணைக்கு உட்கார ஓர் ஆள்

வருவோர் போவோரையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து பெஞ்சு அம்மாவைத் திருடி என்றே முதலில் நம்பினேன். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் என் வயிற்றுக்குள் குழாய் விடப்போகிறார்கள். அந்தப் பயத்தில் பையை இறுக்கிக்கொண்டேன்.

"துணைக்கு ஆளில்லாம யாரும் வந்திருக்காங்களா தாயி? நான் சும்மா உக்காந்துக்கிறேன்," என்று அந்த அம்மா நர்ஸிடம் கேட்டார்.

"முன்னப்பின்ன செஞ்சிருக்கீங்களாக்கா?"

"உக்காருறதுக்கு என்னத்தா பழக்கம்? கன்னிவாடியில பஸ்ஸப் புடிச்சு வாரதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. செத்த நேரங்கூடப் பக்கத்துல உக்காரல."

"பழக்கமில்லாம சரிவராதுக்கா. வீட்டுக்குப் போங்க."

அவர் போகவில்லை.

சற்று நேரத்தில் நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். "கூட வந்தவங்க யாரு? ஆளில்லாம உள்ள விடமாட்டோம்."

வீட்டில் சொல்லாமல் வந்தவன் நான்.

"நான்தான்," என்றார் அந்த அம்மா.

நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

நான் வெளியே வரும்வரை என் பை அவர் மடியில் இருந்தது.